எந்த ஜெனரேட்டர்? எங்கே வைப்பது?

2012-ம் ஆண்டு. ஆடி 18 கழிந்துவிட்டது. புது வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் வெளிவந்துவிட்டன. வெளியூர் வியாபாரிகள் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள்.

சிவகாசி அச்சகங்கள் இரவு பகலாக ஓட வேண்டிய காலம் அது. ஆனால் மின்சாரம் இல்லை!

காலையில் போனது, மத்தியானம் வந்தது. வந்த சுருக்கில் மறுபடியும் போனது. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் மக்கள் தவித்தார்கள். 2008-ல் தொடங்கிய பற்றாக்குறை 2012-ல் உச்சத்துக்குப் போனது. 2014-க்குப் பிறகுதான் நிலைமை மெல்ல மெல்லச் சீரானது.

அந்த நாட்களில் சிவகாசிக்கும் சுற்று ஊர்களுக்கும் ஒரு புதிய ஓசை வந்து சேர்ந்தது. தெருவுக்குத் தெரு "தட தட" என்று ஓடும் டீசல் ஜெனரேட்டரின் ஓசைதான் அது.

அப்போது பலர் அவசரத்தில் ஜெனரேட்டர் வாங்கினார்கள். கையில் இருந்த பணத்துக்கு வாங்கினார்கள். இடம் கிடைத்த மூலையில் வைத்தார்கள்.

இப்போது அந்த அவசரம் இல்லை. நீண்ட மின்வெட்டு போய்விட்டது. ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் பகலில் மின்சாரம் நிற்கிறது. ஐப்பசி மழையில் கம்பி அறுகிறது. அதனால் சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கு ஜெனரேட்டர் இன்றும் வேண்டியிருக்கிறது. அவசரம் இல்லாத இந்தக் காலத்தில்தான் நிதானமாக யோசித்து வாங்கலாம்.

நாலு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும். எதற்கு? எவ்வளவு? எத்தனை மணி நேரம்? எங்கே?

மூன்று தொழில்கள்

சிவகாசிக்குத் தெற்கே, வைப்பாற்றின் கரையில் இருக்கிறது வெம்பக்கோட்டை. கரிசல் பூமி. மழையை நம்பிய விவசாயம். வானம் பொய்த்தால் வயிற்றுக்குச் சோறு போடுவது பட்டாசும் தீப்பெட்டியும்தான்.

1922-ல் சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். அவர்கள் ப. அய்ய நாடாரும், அ. சண்முக நாடாரும். அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்த வட்டாரத்தின் தொழில்.

தீப்பெட்டி வந்தது. பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபிள் வேண்டும் அல்லவா? அதற்காக அச்சுத் தொழிலும் வந்தது.

தொடக்கத்தில் எல்லாமே கைவேலை. 1944-ல் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. தென் மாவட்டங்களில் மின்சாரம் பரவியது. அச்சு இயந்திரங்கள் மோட்டாரில் ஓடின. இன்று மின்சாரம் நின்றால் அச்சகம் நிற்கும். பெட்டி செய்யும் கூடம் நிற்கும். தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் நிற்கும்.

பட்டாசு ஆலையின் மருந்து அறை மட்டும் நிற்பதில்லை! ஏன்? அங்கே மின்சாரமே கிடையாது.

மருந்து கலக்கும் அறையிலும், மருந்து செலுத்தும் அறையிலும் மின்விளக்கு வைப்பதில்லை. கதவுகளைத் திறந்து வைத்து, பகல் வெளிச்சத்தில் கையால் வேலை செய்வார்கள். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே வெட்டவெளி இருக்கும். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறை தப்ப வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஜெனரேட்டர் பேச்சையே எடுக்க வேண்டும்.

டீசல் என்பது ஒருவர் பெயர்

டீசல் என்றால் எண்ணெய் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர்!

ருடால்ப் டீசல் என்பவர் ஜெர்மன் பொறியாளர். 1858-ல் பாரிஸ் நகரில் பிறந்தவர். அந்தக் காலத்து நீராவி எஞ்சின்கள் நிலக்கரியை மூட்டை மூட்டையாகத் தின்றன. செய்த வேலையோ கொஞ்சம். இதை மாற்ற வேண்டும் என்று டீசல் பாடுபட்டார். 1897-ல் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது.

அவர் கண்டது என்ன?

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அமுக்கினால் சூடேறும். மிகப் பலமாக அமுக்கினால் மிக அதிகமாகச் சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீச்சி அடித்தால் தானாகவே எரியும். தீப்பொறி தேவையில்லை.

இதுதான் டீசல் எஞ்சின். இந்த எஞ்சின் ஓர் உருளையைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியில் மின்சாரம் பிறக்கிறது. எஞ்சினும், மின்சாரம் பிறப்பிக்கும் கருவியும் சேர்ந்ததே ஜெனரேட்டர்.

எஞ்சினுக்குள்ளே தீப்பொறி வேண்டாம் என்பது உண்மை. ஆனால் புகைக்குழாய் வழியாக வெளியே தீப்பொறி பறக்கலாம். பட்டாசு ஊரில் மறக்கக் கூடாத விஷயம் இது.

முதல் கேள்வி: எதற்கு?

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் நின்றால் எது எது ஓடியே ஆக வேண்டும் என்று எழுத வேண்டும்.

அச்சு இயந்திரம் ஓட வேண்டும். காகிதம் வெட்டும் இயந்திரம் ஓட வேண்டும். தண்ணீர் மோட்டார் ஓட வேண்டும். சரி.

முதலாளி அறையின் ஏ.சி. ஓட வேண்டுமா? யோசிக்க வேண்டும். அலுவலகக் கம்ப்யூட்டருக்கும் கண்காணிப்புக் காமிராவுக்கும் ஓர் இன்வெர்ட்டர் பாட்டரி போதும். அதற்காக ஜெனரேட்டர் ஓட்டுவது, எலியைப் பிடிக்க மலையைத் தோண்டுவது போல!

பட்டாசு ஆலை என்றால் பட்டியல் இன்னும் சிறியது. அலுவலகம், வாசல் விளக்கு, தண்ணீர் மோட்டார். பெரும்பாலான ஆலைகளுக்கு இவ்வளவுதான். மருந்து அறைகள் அந்தப் பட்டியலில் வரவே கூடாது.

தண்ணீர் மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. தீ பிடித்த நேரத்தில் ஜெனரேட்டரை நம்பி நிற்கக் கூடாது. அது கிளம்பாமல் போகலாம். மேல்நிலைத் தொட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். மணல் வாளி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரு சின்ன அச்சகம் என்று வைத்துக்கொள்ளலாம். புருஷனும் மனைவியும் சேர்ந்து நடத்துகிறார்கள். அச்சு இயந்திரத்துக்கு 10 எச்.பி. மோட்டார். காகிதம் வெட்ட 5 எச்.பி. அட்டைப் பெட்டி மடிக்க 3 எச்.பி. தண்ணீருக்கு 2 எச்.பி. விளக்கு, விசிறி எல்லாம் சேர்த்து 2 கிலோவாட்.

ஜெனரேட்டர் விற்பவர் வருகிறார்.

"அண்ணாச்சி, 62 கே.வி.ஏ. வாங்கிப் போட்டுருங்க. பின்னால தொழில் பெருகும்போது உதவும்."

அண்ணாச்சி தலையாட்டுகிறார். வீட்டம்மா குறுக்கிடுகிறார்.

"ஏங்க, நம்ம மெஷின் எல்லாம் சேர்த்து எவ்வளவு இழுக்கும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க."

நல்ல யோசனை! கணக்கு பெரிய கஷ்டமில்லை.

மோட்டார்கள் மொத்தம் 20 எச்.பி. ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஆக 15 கிலோவாட். மோட்டாரிலேயே கொஞ்சம் வீணாகும்; அதையும் சேர்த்தால் 17. விளக்கு, விசிறி 2. மொத்தம் 19 கிலோவாட்.

ஜெனரேட்டரை கே.வி.ஏ. கணக்கில் விற்பார்கள். கே.வி.ஏ. வேறு, கிலோவாட் வேறு. ஜெனரேட்டரில் 1 கே.வி.ஏ. என்றால் 0.8 கிலோவாட் என்று கணக்கு. 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர் 20 கிலோவாட்தான் தரும். அந்தக் கணக்குப்படி 19 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 24 கே.வி.ஏ. வேண்டும்.

மூச்சு முட்ட ஓட்டக் கூடாது. கொஞ்சம் இடம் விட வேண்டும். கோடையில் இந்த வட்டாரத்தின் வெயிலுக்கு எஞ்சினின் சக்தியும் சற்றுக் குறையும். ஆகவே 30 கே.வி.ஏ. சரியாக இருக்கும்.

அப்படியானால் விற்பவர் 62 என்று சொன்னது பொய்யா?

முழுப் பொய் இல்லை. மோட்டார் நேரடியாகக் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போல 6 மடங்கு மின்சாரம் இழுக்கும். மாட்டு வண்டி கிளம்பும்போது மாடு பலமாக இழுக்கிறது. உருளத் தொடங்கிய பிறகு சுலபம். அதுபோலத்தான். 10 எச்.பி. மோட்டார் ஓடும்போது 10 கே.வி.ஏ. இழுத்தால், கிளம்பும் அந்தச் சில விநாடிகளில் 60 இழுக்கும்.

ஆனால் இதற்கு மருந்து இருக்கிறது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் என்ற கருவியைப் போட்டால், கிளம்பும் இழுப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 60 என்பது 20 ஆகிவிடும். பெரிய மோட்டாரை முதலில் கிளப்ப வேண்டும். அது சீராக ஓடிய பிறகு சின்ன மோட்டார்களை ஒவ்வொன்றாகக் கிளப்ப வேண்டும். 30 கே.வி.ஏ. போதும்!

ஒரு ஸ்டார்ட்டர் வாங்கினால், இரண்டு மடங்கு பெரிய ஜெனரேட்டர் வாங்கும் செலவு மிச்சம்.

"பெரியதாக இருந்தால் என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். பணம் மட்டும் நஷ்டம் என்றால் பரவாயில்லை. ஆபத்தும் இருக்கிறது.

பெரிய எஞ்சினைச் சிறிய லோடில் ஓட்டினால் அது போதிய சூடு அடையாது. டீசல் முழுவதும் எரியாது. எரியாத எண்ணெயும் கரியும் புகைக்குழாயில் படியும். பிறகு ஒரு நாள் கனமான லோடு ஏறும்போது, படிந்த கரி தீப்பிடித்துப் பொறியாக வெளியே பறக்கும். ஆகவே எஞ்சினை அதன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஓட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. முக்கால் பங்கு லோடில் ஓடுவது நல்லது.

பட்டாசு ஊரில் அளவு பார்ப்பது சிக்கனம் மட்டுமல்ல. அதுவே பாதுகாப்பு.

மூன்றாவது கேள்வி: எத்தனை மணி நேரம்?

ஜெனரேட்டரில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் இரண்டு விதமான சக்தி குறிக்கப்படும். ஒன்று, எப்போதாவது மின்சாரம் நின்றால் ஓட்டுவதற்கு. இதை "ஸ்டாண்ட்பை" என்பார்கள். இன்னொன்று, தினமும் பல மணி நேரம் ஓட்டுவதற்கு. இதை "பிரைம்" என்பார்கள். ஒரே இயந்திரத்துக்கு ஸ்டாண்ட்பை எண் பெரியதாக இருக்கும். பிரைம் எண் சிறியதாக இருக்கும்.

2012-ல் பலர் பட்ட கஷ்டத்தை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். எப்போதாவது ஓட வேண்டிய இயந்திரம் தினமும் 10 மணி நேரம் ஓடியது! குதிரையைக் கொண்டு ஏர் உழுதால் குதிரையும் கெடும், உழவும் கெடும்.

விற்பவரிடம், "இந்த எண் ஸ்டாண்ட்பையா, பிரைமா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

அடுத்தது டீசல் செலவு. நல்ல லோடில் ஓடினால் 1 லிட்டர் டீசலுக்கு 3 முதல் 3½ யூனிட் மின்சாரம் கிடைக்கும். அந்த அச்சகத்தில் எல்லா இயந்திரமும் ஓடினால் மணிக்கு 19 யூனிட் வேண்டும். ஏறத்தாழ 6 லிட்டர் டீசல். 2025-ல் சென்னையில் டீசல் விலை லிட்டருக்கு 92 ரூபாயை ஒட்டி இருந்தது. அந்த விலையில் மணிக்கு 550 ரூபாய். 8 மணி நேரம் ஓடினால் 4,400 ரூபாய்!

மின்வாரியத்தின் மின்சாரத்தைப் போல இது மூன்று மடங்குக்கு மேல். ஜெனரேட்டர் வாங்கும் விலை ஒரு முறை கொடுப்பது. டீசலின் விலை தினமும் கொடுப்பது. வாங்கும் விலையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

மாதத்துக்கு ஒரு நாள்தான் மின்சாரம் நிற்கிறது என்றால், அன்று தொழிலாளர்களுக்குக் கைவேலை கொடுத்துவிட்டு இயந்திரங்களுக்கு ஓய்வு கொடுக்கலாம். அல்லது அந்த ஒரு நாளைக்கு வாடகை ஜெனரேட்டர் எடுக்கலாம். எல்லோரும் வாங்கியே தீர வேண்டும் என்பது இல்லை.

நாலாவது கேள்வி: எங்கே?

சிவகாசியைக் "குட்டி ஜப்பான்" என்பார்கள். நேரு கொடுத்த பெயர் என்று ஊரே சொல்லும். அந்தக் குட்டி ஜப்பானுக்குப் பெரிய ஜப்பானிலிருந்து ஒரு பாடம் வந்திருக்கிறது.

2011 மார்ச் 11. ஜப்பானில் பெரும் பூகம்பம். புக்குஷிமா அணுமின் நிலையத்துக்கு வெளியிலிருந்து வந்த மின்சாரம் அறுந்தது. அங்கே இருந்த டீசல் ஜெனரேட்டர்கள் உடனே கிளம்பின. எல்லாம் சரியாகவே நடந்தது.

ஒரு மணி நேரம் ஆவதற்குள் சுனாமி வந்தது. ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை கட்டிடங்களின் கீழ்த்தளத்தில் இருந்தன. கடல் நீர் புகுந்தது. ஜெனரேட்டர்கள் நின்றன. உலைகளைக் குளிர வைக்க வழியில்லை. உலகமே நடுங்கிய அணு விபத்து நேர்ந்தது.

ஒரே ஒரு ஜெனரேட்டர் மட்டும் தொடர்ந்து உதவியது. அது 6-வது உலைக்கு உரியது. மற்றவற்றைவிட உயரமான இடத்தில் இருந்தது. அதனால் 5-வது உலையும் 6-வது உலையும் தப்பின.

ஓடிய ஜெனரேட்டருக்கும் நின்ற ஜெனரேட்டருக்கும் முக்கிய வித்தியாசம் என்ன? வைத்த இடம்தான்!

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோதும் இதே கதை நடந்தது. ஒரு மருத்துவமனையில் ஜெனரேட்டர் இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தது. தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகள் இறந்த செய்தி நாட்டையே கலக்கியது.

கடற்கரைக்குப் பகை தண்ணீர். வெம்பக்கோட்டைக்குப் பகை நெருப்பு. எந்த ஊரில் எது பகையோ, அதைப் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும்.

மருந்து அறை, மருந்து காயப் போடும் மேடை, சரக்கு அறை ஆகியவற்றிலிருந்து ஜெனரேட்டர் விலகி இருக்க வேண்டும். எத்தனை மீட்டர் என்று முதலாளியே முடிவு செய்யக் கூடாது. பட்டாசு ஆலைக்கு உரிமம் கொடுக்கும்போது ஒரு வரைபடத்துக்கும் அனுமதி கொடுக்கிறார்கள். அதில் இல்லாத கொட்டகையைப் புதிதாகப் போடுவதற்கு, உரிமம் கொடுத்த அதிகாரியின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். பெசோ என்ற வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சிவகாசியிலேயே அலுவலகம் இருக்கிறது. கேட்பதற்கு நாக்பூர் வரை போக வேண்டியதில்லை.

புகைக்குழாயின் வாய் மருந்து அறைகளைப் பார்த்து இருக்கக் கூடாது. அதில் தீப்பொறி தடுப்பான் பொருத்த வேண்டும். காற்று வழக்கமாக எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

டீசல் பீப்பாயை எஞ்சின் பக்கத்திலேயே அடுக்கி வைக்கக் கூடாது. எஞ்சின் சூடாக ஓடும்போது டீசல் ஊற்றக் கூடாது.

மூடிய அறைக்குள் ஜெனரேட்டரை ஓட்டவே கூடாது. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை வீட்டுத் திண்ணையிலோ, காவலாளி படுக்கும் அறையை ஒட்டியோ வைப்பது கொலைக்குச் சமம்.

சத்தமும் முக்கியம். 1,000 கே.வி.ஏ. வரை உள்ள ஜெனரேட்டருக்கு ஒலி தடுக்கும் கூடு இருக்க வேண்டும். 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்க வேண்டும் என்பது மட்டும் காரணமில்லை. ஆபத்து நேரத்தில் ஒருவர் "ஓடுங்கள்!" என்று கத்தினால், அது மற்றவர்கள் காதில் விழ வேண்டும்.

2023 ஜூலை 1 முதல் புகைக்கும் கடுமையான புதிய விதி வந்திருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் அந்த விதிப்படி செய்த இயந்திரம்தானா என்று சான்றிதழைப் பார்க்க வேண்டும்.

கம்பத்தில் ஒருவர் இருக்கிறார்

ஜெனரேட்டரோடு கட்டாயம் வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது சேஞ்ச் ஓவர் சுவிட்ச். மின்வாரிய மின்சாரமும் ஜெனரேட்டர் மின்சாரமும் ஒரே நேரத்தில் சேராமல் தடுப்பது அதுதான்.

அது இல்லாமல், ஒயரை அப்படியே சொருகி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என்ன ஆகும் தெரியுமா?

ஜெனரேட்டரில் பிறந்த 415 வோல்ட் மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகும். டிரான்ஸ்பார்மர் அதைத் தலைகீழாக மாற்றும். மறுபக்கம் 11,000 வோல்ட்டாகவோ 22,000 வோல்ட்டாகவோ வெளியே வரும்!

அந்த நேரத்தில் கம்பத்தின் மேல் மின்வாரியத் தொழிலாளி ஒருவர் இருப்பார். "லைனை ஆப் பண்ணியாச்சு" என்று நம்பிக் கம்பியைத் தொடுவார். அவர் வீட்டிலும் மனைவி, மக்கள் காத்திருப்பார்கள்.

எர்த் போடுவதிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஜெனரேட்டரின் உடலுக்கு 2, நியூட்ரலுக்கு 2 என்று தனித்தனியாக எர்த் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரைக் கொண்டு வேலை செய்து, அரசு மின் ஆய்வாளரின் அனுமதியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாங்கிய பிறகு

கம்பெனி பெயரைவிட முக்கியம், பழுது பார்க்கும் ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது. சிவகாசியிலோ விருதுநகரிலோ ஆள் இருந்தால் நல்லது. உதிரிச் சாமானுக்கு மும்பைக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க முடியாது.

வாரத்துக்கு ஒரு முறை லோடு கொடுத்துச் சிறிது நேரம் ஓட்ட வேண்டும். பாட்டரியைப் பார்க்க வேண்டும். கரிசல் காட்டுப் புழுதி எஞ்சினுக்கு எமன். காற்று வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் ஆயில் மாற்ற வேண்டிய நாள் தவறாது. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் இந்த நோட்டை அதனிடம் கொடுக்கலாம். கணக்கும் பழகும், பொறுப்பும் வரும்.

இரவை வாங்க வேண்டாம்

கடைசியாக ஒரு விஷயம். இதுதான் முக்கியமான விஷயம்.

ஜெனரேட்டர் வெளிச்சம் தருகிறது. வெளிச்சம் கிடைத்தால் வேலை நேரத்தை நீட்டலாம் என்ற எண்ணம் வருகிறது. தீபாவளி நெருங்குகிறது. ஆர்டர் குவிகிறது. "மருந்து அறைக்கும் ஒரு லைன் இழுத்து, ஒரு பல்பைப் போட்டால் இன்னும் ரெண்டு மணி நேரம் வேலை பார்க்கலாமே!" என்ற ஆசை பிறக்கிறது.

அந்த ஆசை கூடாது.

2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். தீயைப் பார்த்து உதவிக்கு ஓடியவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் இன்னொரு வெடிப்பு. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த விபத்துகளுக்கு ஜெனரேட்டர் காரணமில்லை. மருந்து உராய்ந்தது என்றுதான் செய்திகள் கூறின. வெறும் உராய்வுக்கே இந்தக் கதி என்றால், ஒரு தளர்ந்த ஒயர், ஒரு சுவிட்சின் பொறி, ஒரு பல்பின் சூடு என்ன செய்யாது?

பகல் வெளிச்சம் பட்டாசுத் தொழிலாளிக்கு வெறும் வெளிச்சம் மட்டுமல்ல. அது ஒரு காவல். பொழுது சாய்ந்ததும், களைத்த கை வேலையை நிறுத்துகிறது. அந்த நேரத்தில் தவறு நேர இடமில்லாமல் போகிறது. ஜெனரேட்டரைக் கொண்டு அந்தக் காவலை அகற்றுவது அறிவீனம்.

ஆலை முதலாளிகள் ஜெனரேட்டர் வாங்கட்டும். அச்சு ஓடட்டும், தண்ணீர் இறைக்கட்டும், அலுவலகத்தில் கணக்கு எழுதட்டும். ஆனால் அந்த மின்கம்பி மருந்து அறையின் பக்கம் திரும்பக் கூடாது.

தொழிலாளர்களும் தயங்காமல் கேட்க வேண்டும். "அண்ணாச்சி, இந்த ரூமுக்கு லைட் வேண்டாம். இருட்டினா நாங்க வீட்டுக்குப் போறோம்" என்று சொல்ல வேண்டும். நாலு பேர் சேர்ந்து சொன்னால் கேட்காத முதலாளி இருக்க மாட்டார்.

அதிகாரிகள் ஆய்வுக்குப் போகும்போது மருந்தின் எடையைப் பார்க்கிறார்கள். ஆட்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது, அதன் கம்பி எதுவரை போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் பொழுது சாய்ந்த பிறகும் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும்.

ஜெனரேட்டர் எத்தனை கே.வி.ஏ. ஆக இருந்தாலும் சரி. சூரியன் மலையில் இறங்கினால் மருந்து அறையின் கதவு சாத்தப்பட வேண்டும். காலையில் வேலைக்குப் போன அம்மா, விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு திரும்ப வேண்டும்!